ஒத்தக்கடைக்கு நடந்து போன புல்தரை

புதுமண்டபத்துத் தையல்காரரிடம் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, வைகைப் பாலத்தைத் தாண்டி, வடகரையில் இருந்த எங்கள் பார்க்குக்குள் நான் நுழைந்தபோது மணி நாலு இருக்கும். கோட்டின் வலது கை இடது கையைவிட இரண்டு விரற்கடை நீளம். ‘போடப் போடச் சரியாயிரும்’ என்று தையல்காரர் சொல்லியிருந்தார். கோட்டு சுருங்குமா, என் கை வளருமா என்பதை மட்டும் சொல்லவில்லை.

பார்க்கில் புல்தரையைக் காணோம்.

காலையில் இருந்தது. நான் பார்த்துவிட்டுத்தான் போனேன். மூன்று மாதம் தண்ணீர் விட்டு, உருளை போட்டு உருட்டி, ஆடு மாடு அண்டாமல் காத்த பச்சை. இப்போது அந்த இடத்தில் செம்மண், அதுவும் சீவி எடுத்தாற்போல் அவ்வளவு சுத்தமாக. நடுவில் நான் அழகுக்கு வைத்திருந்த கேந்திச் செடிகளும் கோழிக்கொண்டைச் செடிகளும் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றன.

காவல்காரர் ரஹீம் பாய் வேப்பமரத்தடியிலிருந்து எழுந்து வந்தார். “வாங்க தம்பி. கோட்டு ஜோரா இருக்கு.”

“பாய், புல்லு எங்க?”

“களையெடுத்தாச்சு தம்பி. நீங்கதானே எடுக்கச் சொல்லிட்டுப் போனீங்க? மாஷா அல்லா, ஒரு வேரு விடல அந்தப் பொம்பளைக.”

“எடுத்த புல்லு எங்க பாய்?”

அவர் மேலூர் ரோட்டைக் கையால் காட்டினார். தூரத்தில், புழுதிக்கு நடுவே, எட்டுப் பெண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எட்டுத் தலையிலும் எட்டுப் பச்சைக் கட்டு.

என் சர்ட்டிபிகேட் ஒத்தக்கடைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தது.

புல் வளர்க்க ஒரு படிப்பு

அவர்கள் மெதுவாகத்தான் நடப்பார்கள், சுமை இருக்கிறது. அதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் இதே பத்திரிகையில் நான் மலையில் படித்துவிட்டு இறங்கிய கதையைப் படித்த ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார்: “தோட்ட வேலைக்கு எதற்கய்யா படிப்பு? மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தால் போதாதா?” நியாயமான கேள்வி. இதே கேள்வியை, இதைவிடச் சத்தமாக, என்னைப் பெற்ற ஐயா கேட்டார்.

எங்களுக்கு அலங்காநல்லூர்ப் பக்கம் நிலம். ஐயாவுக்கு இரண்டு விஷயங்களில் மட்டும் அபிப்பிராயம் கிடையாது, ஒன்று சீமை, இன்னொன்று சினிமா. மற்ற எல்லாவற்றிலும் உண்டு. நகரசபையில் பார்க்குகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஓவர்சீயர் எடுக்கிறார்கள், அதற்கு மலையில் இருக்கும் சர்க்கார் தோட்டத்தில் ஒரு வருஷம் பயிற்சி எடுக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, அவர் காளைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன சொல்லிக் குடுப்பாக?”

“செடி, மரம், புல்தரை.”

“புல்லா?”

“ஆமாய்யா. புல்லு போட்டு வளக்கிறது.”

ஐயா வாளியைக் கீழே வைத்தார். “ஏன்டா, நம்ம வயல்ல புல்லைப் புடுங்குறதுக்கு நான் வருசத்துக்கு ரெண்டு தரம் ஆளு வைக்கிறேன். அதை வளக்குறதுக்கு நீ மலையேறிப் படிக்கப் போறியா?”

காளைகூட என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

எங்கள் பக்கத்தில் அருகம்புல்லுக்கு இரண்டே வேலைதான். ஒன்று பிள்ளையார் தலையில் ஏறுவது, இன்னொன்று மாட்டு வாய்க்குள் போவது. மூன்றாவதாக அதற்கு ஒரு உத்தியோகம் இருக்கிறது, அதன்மேல் துரைமார்கள் நாற்காலி போட்டு உட்காருவார்கள் என்பது யாருக்கும் தெரியாது. வயலில் அருகு ஓடிவிட்டால் அந்தக் குடும்பத்தைப் பற்றியே ஊரில் ஒரு மாதிரி பேசுவார்கள்.

சட்டைப் பைக்குள் ஒரு கை

மலையில் நாங்கள் ஐந்து பேர். சேரும்போது ஒரு சின்னப் பரீட்சை வைத்தார்கள்: தாளில் ஒரு தோட்டம் வரைந்து காட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே தோட்டம் எங்கள் வயல். அதையே வரைந்து, கிணற்றுக்குப் பக்கத்தில் ‘நீரூற்று’ என்றும், வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் ‘செயற்கைக் குன்று’ என்றும் எழுதிக் கொடுத்தேன். சேர்த்துக்கொண்டார்கள்.

குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். நான் கொண்டுபோன நாலு சட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போவேன். தைல மரத்து வாசனை மூக்கிலேயே குடியிருந்தது. செடிகளுக்கு லத்தீனில் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். நான் அவற்றுக்கு எங்கள் சொந்தக்காரர்களின் சாயலைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்வேன். பரீட்சையில் ஒரு கள்ளியைப் பார்த்ததும் என் சின்ன மாமாவின் முகம் நன்றாக ஞாபகம் வந்தது. லத்தீன் பெயர்தான் வரவில்லை.

மட்டம் பார்ப்பது, கயிறு கட்டி முளையடிப்பது, பெரிய மரத்தை வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் நடுவது, உரம், கிளை வெட்டும் கவாத்து, வேலையாட்களை நடத்துவது என்று பாடம் நிறைய. எங்களுக்கு ஆசிரியர் தாமோதரம் அய்யா. தலைப்பாகை, முழங்கால்வரை கோட்டு, நுனியில் பித்தளைப் பூண் போட்ட கைத்தடி. அவர் தமிழ் பேசினால் அச்சுப் புத்தகம் பேசுவதுபோல் இருக்கும். இன்ன ஊர்க்காரர் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அவர் நிற்கும் தோரணை. புல்தரைப் பக்கம் வந்தால் கைத்தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்வார். என்ன கம்பீரம்! ஆபீசர் என்றால் இப்படித்தான் நிற்க வேண்டும், நாமும் வேலைக்குப் போனதும் ஒரு கோட்டுத் தைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

முதல் நாள் புல்தரையில் உட்கார வைத்துத்தான் பாடம். அவர் சொல்லச் சொல்ல நான் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று பேச்சை நிறுத்தினார்.

“நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்?”

குனிந்து பார்த்தேன். என்னைச் சுற்றி ஒரு வட்டத்துக்குப் புல் இல்லை. பக்கத்தில் சின்னக் குவியலாகக் கிடந்தது. நான் பிடுங்கவில்லை, என் கை பிடுங்கியிருக்கிறது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து வரப்பில் உட்கார்ந்தால் கை சும்மா இருக்காது, அப்படி வளர்ந்த கை.

மற்ற நால்வரும் சிரித்தார்கள். தாமோதரம் அய்யா சிரிக்கவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

“அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் வை.”

படிப்பு இரண்டு பாகம். மலையில் ஒரு வருஷம் முடிந்தால் முதல் பாகம். இரண்டாவது பாகம், சமவெளியில் சொந்தமாக ஒரு புல்தரை போட்டு வளர்க்க வேண்டும். தாமோதரம் அய்யாவே நேரில் வந்து பார்த்து மதிப்பெண் போடுவார். அதற்கப்புறம்தான் சர்ட்டிபிகேட். அதுவரை நகரசபையில் எனக்குத் தற்காலிக உத்தியோகம். தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் அலங்காநல்லூர், ஐயா, அந்தக் காளை.

அவர் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. புல்லுக்குள் கோரை கொஞ்சம் முளைத்திருந்தது. அதை எடுக்கத்தான் ஒத்தக்கடையிலிருந்து பேச்சியக்கா கூட்டத்தை வரச் சொல்லியிருந்தேன். தை அறுப்பு முடிந்து அவர்களுக்கும் வேலை இல்லாத சமயம். “களையை எடுத்து வைங்க, இந்தா வந்துருறேன்” என்று சொல்லிவிட்டுக் கோட்டு வாங்கப் போனேன். எது களை என்று சொல்ல வேண்டும் என்பது, பன்னிரண்டு மாதம் படித்த எனக்குத் தோன்றவில்லை.

எடுத்தவளுக்கே களை

சரி, இனி மேலூர் ரோடு. கோட்டோடு ஓடினேன்.

“பேச்சியக்கா! நில்லுங்க! நில்லுங்கக்கா!”

முன்னால் போனவர் கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு திரும்பினார். பேச்சியக்காவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். குரல் மட்டும் நாலு வயலுக்குக் கேட்கும்.

“யாரு அது தொரை? அட, நம்ம ஓவர்சீயர் தம்பி! ஏத்தா, கோட்டப் பாருங்கடி. ஒரு கை வளந்துருச்சு, ஒரு கை இன்னும் வளரல.”

எட்டுப் பேரும் சிரித்ததில் கட்டுகள் குலுங்கின.

“அக்கா, புல்லைக் கீழ இறக்குங்க.”

“எதுக்கு இறக்கணும்? எடுத்த களை எடுத்தவளுக்குத்தேன். எந்த ஊருலயும் இல்லாத நாயமால்ல இருக்கு?”

அது உண்மை. எங்கள் வயலிலும் அதுதான் வழக்கம். பிடுங்கிய புல்லைப் பிடுங்கியவர்கள் மாட்டுக்குக் கட்டிக்கொண்டு போவார்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.

“அக்கா, அது களை இல்ல. அதுதான் பயிரு.”

ஒரு மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போனது.

“எது பயிரு?”

“அருகு.”

“அருகு பயிரா?”

“ஆமா. நான் நட்டு வளத்தது.”

பேச்சியக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு, நோயாளியிடம் கேட்பதுபோல் கேட்டார்: “தம்பி, இது உங்க ஐயாவுக்குத் தெரியுமா?”

தெரியும் என்றேன். அவருக்கு என் ஐயாவை நினைத்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும், உச்சுக் கொட்டினார்.

“நாங்க என்னத்தக் கண்டோம்? நாலு கேந்திச் செடியச் சுத்தி அம்புட்டு அருகு கெடந்துச்சு. பாவம், இந்தத் தம்பிக்கு வெவசாயம் தெரியாது, செடியப் போட்டுட்டுக் களையில விட்டுருச்சு, நாமளாச்சும் சுத்தமா எடுத்துக் குடுப்போம்னு, மத்தியானக் கஞ்சிகூடக் குடிக்காமப் புடுங்குனோம். இவ நகத்தப் பாருங்க, மண்ணு ஏறி ரத்தம் கட்டிருச்சு.”

அந்தப் பெண் நகத்தைக் காட்டினாள். என்மேல் இரக்கப்பட்டு என் பிழைப்பை வேரோடு பிடுங்கியிருந்தார்கள். நடுரோட்டில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மலை, படிப்பு, வரப்போகிற அதிகாரி, தேறாவிட்டால் வேலை போய்விடும் என்பது.

“புல்லு இல்லைன்னா வேலை போயிருமா?”

“போயிரும்.”

“நல்ல வேலைதேன் பாத்தீக.” பேச்சியக்கா மற்றவர்களைப் பார்த்தார். “சரி, எறக்குறோம். ஆனா எங்க மாடு இன்னைக்கு என்னத்தத் திங்கும்? காலையில இருந்து வெறும் வயித்தோட கட்டிக் கெடக்கு.”

கடைசியில் பேசி முடித்தோம். இரண்டு கட்டு எட்டு வீட்டு மாட்டுக்கும் பங்காக ஒத்தக்கடை போகும். ஆறு கட்டு என்னோடு திரும்பும். பதிலுக்கு நாளைக்கு ஒரு வண்டி வைக்கோல்.

“யாரு வைக்கோலு?”

“எங்க ஐயா வைக்கோலு.”

“குடுப்பாரா?”

“குடுக்க மாட்டாரு. கேட்டுப் பாக்குறேன்.”

“நட்டுத் தாரதும் நாங்கதேன்,” என்றார் பேச்சியக்கா. “புடுங்குனவ நடாமப் போனா நல்லா இருக்காது. இதெல்லாம் கணுவுக்குக் கணு வேரு விட்ட அருகு. ஈரம் இருந்தா நீங்க வேணாம்னு சொன்னாலும் வளரும்.”

ஆறு கட்டையும் பார்க்குத் தொட்டியில் ஊறப்போட்டோம். என் கோட்டின் நீளமான கையும் கூடவே ஊறியது.

அருகு நடவு

மறுநாள் விடிந்ததும் எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். புத்தகத்தில் போட்டிருந்தபடி, முளையடித்துக் கயிறு கட்டி, குச்சியால் குழி போட்டு, ஒவ்வொரு தண்டாக நட வேண்டும் என்று நான் விளக்கினேன். பேச்சியக்கா பொறுமையாகக் கேட்டார்.

“முடிஞ்சுதா தம்பி? இப்போ கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

தண்ணீர் கட்டி, தரையைச் சேறாக மிதித்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எட்டுப் பேரும் குனிந்து பின்பக்கமாக நகர்ந்தார்கள். நெல் நடவுதான். நாற்று முடிக்குப் பதில் அருகம்புல். நடுவில் குலவை வேறு. மேலூர் ரோட்டில் போன வண்டிகளெல்லாம் நின்றுவிட்டன. ரஹீம் பாய் கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார்: “தள்ளுங்க, தள்ளுங்க. சர்க்கார் வேலை நடக்குது.”

பத்து மணிக்கு ஐயாவின் வைக்கோல் வண்டி வந்தது. முந்தின நாள் சாயங்காலமே பஸ் டிரைவர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தேன். ஐயா வண்டியிலிருந்து இறங்கவில்லை. அதன்மேல் உட்கார்ந்தபடியே வெகுநேரம் பார்த்தார்.

“வைக்கோலக் குடுத்து அருக வாங்கி, அதுக்கு நடவும் நடுற மகன எனக்குக் குடுத்துருக்கா மீனாட்சி,” என்றார் பொதுவாக, வானத்தைப் பார்த்து.

சேற்றிலிருந்து பேச்சியக்கா நிமிர்ந்தார். “விடுங்கண்ணே. குடிச்சுக் கெட்டா போனாரு? புல்லுதான வளக்குறாரு.”

ஐயா மறுபடி பார்த்தார். ஐந்து நிமிடத்துக்கு மேல் அவரால் முடியவில்லை. இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டினார்.

“ஏத்தா, அந்தச் சனி மூலையில கலக்கமா இருக்கு பாரு. நெருக்கி நடு, நெருக்கி நடு!”

வரிசை

மூன்று வாரத்தில் புல் பிடித்துக்கொண்டது. பேச்சியக்கா சொன்னபடியே, வேண்டாம் என்றாலும் வளர்கிற ஜாதி. ஒரே ஒரு சங்கடம். புல்தரை என்றால் விரித்த பாய்போல் இருக்க வேண்டும். எங்களுடையது வரிசை வரிசையாக, நடவு முடிந்த வயல்போலவே இருந்தது. போதாததற்கு, மாடுகள் தின்ற இரண்டு கட்டுக்கு ஈடாகத் தெற்கு ஓரத்தில் ஒரு மொட்டைத் திட்டு.

தாமோதரம் அய்யா வந்த அன்று கோட்டோடு நின்றேன். வலது கையைப் பைக்குள் விட்டிருந்தேன், அவரைப்போலவே. நீளம் தெரியாமலிருக்க அதுவும் ஒரு வசதி. பேச்சியக்கா கூட்டம் அன்றைக்கு நிஜமான கோரையை எடுத்துக்கொண்டிருந்தது.

அவர் கைத்தடியால் மண்ணைக் குத்திப் பார்த்தார். சுற்றி வந்தார்.

“இதென்ன, வரிசை வரிசையாக இருக்கிறது?”

“அய்யா, இது லைன் சிஸ்டம்.”

“எந்தப் புத்தகத்தில்?”

“புத்தகத்தில் இல்லை அய்யா. ஸ்தல அனுபவத்தில் நானே...” நாக்கு அதுபாட்டுக்கு ஓடியது. “காற்றோட்டத்துக்காக.”

“அந்த மொட்டைத் திட்டு?”

“அது அதிகப்படியான காற்றோட்டத்துக்காக அய்யா.”

அவர் கைத்தடியைத் தரையில் வைத்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வரிசைகளைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். ஒரு நிமிடம் ஆனது. அவர் வாயிலிருந்து வரப்போகிற ஒரு சொல்லில்தான் நான் மதுரையா, அலங்காநல்லூரா என்பது இருந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம்.

“ஆத்தாடி! புடுங்காதீக சாமி! அது நட்டு வச்சது!”

பேச்சியக்கா ஓடி வந்தார். நான் குனிந்து பார்த்தேன். தாமோதரம் அய்யாவின் வலது கை, அவருக்கே தெரியாமல், ஒரு வரிசையில் பாதியைப் பிடுங்கி அழகாகப் பக்கத்தில் குவித்திருந்தது.

அய்யா தன் கையைப் பார்த்தார். அந்தக் குவியலைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். மலையில் ஒரு வருஷம் பழகியும் நான் கேட்டிராத சிரிப்பு.

“தப்புத்தேன் ஆத்தா. நானும் திருவாதவூர்க்காரந்தேன். இம்புட்டு வருசமாச்சு, இந்தக் கை சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குது.”

“எங்க கையும் கேக்கல சாமி,” என்றார் பேச்சியக்கா, பக்கத்து ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷத்தில். “அதுனாலதான இம்புட்டுக் கூத்து! அம்புட்டையும் நாங்கதேன் புடுங்குனோம், பொறவு நாங்களே நட்டோம். அந்த மொட்டையா இருக்குல்ல, அது மாடு தின்னுருச்சு. தம்பி உங்ககிட்டச் சொல்லலையா?”

தம்பி சொல்லவில்லை. தம்பி கோட்டுப் பைக்குள் மொத்தமாக இறங்கிவிட முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அய்யா எழுந்தார். வேட்டியைத் தட்டிக்கொண்டார். என்னைப் பார்த்து, மறுபடி அச்சுப் புத்தகத் தமிழில், “காற்றோட்டம் நன்றாகவே இருக்கிறது,” என்றார். பிடுங்கிய புல்லைத் தானே ஒவ்வொன்றாகத் திருப்பி நட்டார். நெல் நாற்றுப் பிடிக்கிற மாதிரி, கட்டைவிரலை மண்ணுக்குள் அழுத்தி. பிறகு கைத்தடியை இடது கைக்கு மாற்றினார். வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார்.

ஒரு வருஷமாக நான் கம்பீரம் என்று நினைத்துப் பார்த்துப் பார்த்துப் பழகியது அதைத்தான்.

சர்ட்டிபிகேட்

பங்குனியில் தபால் வந்தது. பெரிய தாள், சிவப்பு முத்திரை. கூடவே அவர் கையெழுத்தில் ஒரு மதிப்பெண் பட்டியல். வேப்பமரத்தடியில் பேச்சியக்கா கூட்டமும் ரஹீம் பாயும் உட்கார்ந்திருக்க, இங்கிலீஷைத் தமிழாக்கி நானே சத்தமாகப் படித்தேன்.

மட்டம் பார்த்தல், சுமார். செடிப் பெயர்கள், இன்னும் படிக்க வேண்டும். புல்தரை அமைத்தல், தேர்ச்சி. வேலையாட்களை நடத்துதல் என்ற இடத்தில் மதிப்பெண்ணே இல்லை, ஒரு வரி மட்டும்: ‘இவரை இவருடைய வேலையாட்கள் நன்றாக நடத்துகிறார்கள்.’

“அப்போ வேலை நிலைச்சிருச்சா?” என்றார் பேச்சியக்கா.

“நிலைச்சிருச்சுக்கா.”

“அடியில இன்னும் என்னமோ எழுதியிருக்கே?”

அதை நான் வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். வேறு வழியில்லாமல் படித்தேன்.

“களையெடுப்பு. நூத்துக்கு நூறு.”

ரஹீம் பாய் துண்டை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். பேச்சியக்கா மட்டும் சிரிக்கவில்லை. தலையில் துணியைச் சும்மாடு கூட்டி வைத்து, அன்றைய கோரைக் கட்டைத் தூக்கிக்கொண்டே சொன்னார்:

“பின்ன? ஒரு வேரு விட்டோமா நாங்க?”